அலிடாவின் நாற்பத்தேழு பாட்டு

நெரேயோ ப்ளெச்சிச் ரியேகா என்ற துறைமுக நகரத்தில் இருபத்தெட்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன். அதே இருபத்தெட்டு வருஷமாக, நகரத்து நாளிதழின் சனிக்கிழமைப் பக்கத்தில் புதிதாக வருகிற ராக் இசைத் தகடுகளைப் பற்றி எழுதுகிறவனும் அவன்தான். இரண்டும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும். அதில் ஒரு தொல்லை இருந்தது. எழுதினது பிடிக்காதவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, அவன் பிடரிக்கு நேராகவே திட்டுவார்கள். 'ஓட்டுநரோடு பேசாதீர்' என்ற பலகை அவன் தலைக்கு மேலேயே இருந்தது. அதை இதுவரை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

அவன் சங்கீதம் படித்தவன் இல்லை. கிட்டார் பிடித்துப் பார்த்தான், விரல் வளையவில்லை. பாடிப் பார்த்தான், பெற்ற தாயே ஜன்னலைச் சாத்தினாள். காது மட்டும்தான் அவனுக்கு வாய்த்தது. இஞ்சின் இரைச்சலை வைத்தே எந்த வண்டி அடுத்த வாரம் பட்டறைக்குப் போகும் என்று சொல்லிவிடுவான். அந்தக் காதை நம்பி 1985இல் பத்திரிகைக்கு ஒரு கோபக் கடிதம் எழுதினான்: நீங்கள் ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிற கச்சேரியில் பாடகன் மூன்றாம் பாட்டிலேயே சுருதியை விட்டுவிட்டான், உங்கள் ஆள் தூங்கிக்கொண்டிருந்தானா என்று. அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டு, "அப்ப நீயே எழுதேன்" என்றார்கள். ஆரம்பம் அதுதான்.

2013 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்டு முடிந்து அவன் பத்திரிகை ஆபீசுக்குப் போனான். யூகோ காற்று அடிக்க ஆரம்பித்து அன்றைக்கு மூன்றாம் நாள். தெற்கேயிருந்து வருகிற காற்றுதான், ஆனால் தென்றலோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஈரத் துணியை முகத்தில் போட்டு அமுக்கினாற்போல இருக்கும். தலை கனக்கும், மூட்டு குடையும், புருஷனும் பெண்டாட்டியும் உப்புப் பெறாத விஷயத்துக்கு மல்லுக்கு நிற்பார்கள். யூகோ அடிக்கும்போது எதையும் தீர்மானிக்காதே என்று அந்தக் கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள், தீர்மானித்துக்கொண்டும் இருப்பார்கள்.

ஆசிரியர் ஜெலிமிர் மேசை மேல் ஒரு கறுப்பு அட்டைப்பெட்டியைத் தள்ளினான்.

"அலிடாவோடது. மூணு சிடி, நாப்பத்தேழு பாட்டு. முப்பத்துநாலு வருஷமும் உள்ள இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. முழுப் பக்கம் உனக்கு."

"முழுப் பக்கமா?"

"அலிடாவுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது? நட்சத்திரம் போட மறக்காதே. போன தடவ மறந்துட்ட. நான் நாலு போட்டேன், நீ பத்து நாள் எங்கிட்டப் பேசல."

பெட்டியின் மேல் அலிடா கின்கேலாவின் முகம், பக்கவாட்டில். அடியில் 'எல்லாம் நானே' என்று பெயர். அந்தப் பெயரை நெரேயோ இரண்டு தடவை வாசித்தான். அவன் பெட்டியைத் திருப்பி, பாட்டுப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினான். 'ஈரக் கோட்டு' இல்லை. மறுபடி தேடினான். நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாக எண்ணியே பார்த்துவிட்டான். இல்லை.

அலிடாவின் பெயரைச் சொன்னால் ரியேகாவில் பத்துப் பேரில் ஒன்பது பேர் முணுமுணுப்பது அந்தப் பாட்டைத்தான். 1986இல் வந்தது. இத்தனைக்கும் அலிடா ஒரே மாதிரிப் பாடுகிறவள் இல்லை. கப்பல் கட்டும் தளத்துப் பையன்கள் மூன்று பேரோடு தகரத்தைச் சுரண்டுகிற குரலில் கத்திக்கொண்டு வந்தவள். பிறகு நடன இசை, பிறகு இரும்பு அடிக்கிற மாதிரியான ராக், ப்ளூஸ், நாடகப் பாட்டு, ஒரு தடவை நாற்பது வயலின்களோடு, ஒரு தடவை பக்கத்து இஸ்திரியாத் தீபகற்பத்துக் கிழவர்களோடு மூக்கால் பாடுகிற பழைய ஊர்ப்பாட்டு. எதில் இறங்கினாலும் அதிலேயே பிறந்தவள்போலப் பாடுவாள்.

'ஈரக் கோட்டு' வந்த வாரம் நெரேயோ எழுதியிருந்தான்: "கடைசியில் அலிடா தன் சொந்தக் குரலில் பாடிவிட்டாள். இதுவரை நாம் கேட்டதெல்லாம் வேஷம்." அப்போது அவனுக்கு முப்பது வயது. அந்த வரியைப் பாட்டுக் கம்பெனி அடுத்த பதிப்பின் உறையிலேயே அச்சடித்தது. மூன்று வருஷம் கழித்து அவள் இரும்பு ராக்குக்குத் திரும்பியபோது, "அலிடா ஆறு சட்டை மாட்டிப் பார்க்கிறாள், ஒன்றும் அளவாக இல்லை" என்று எழுதினான். அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஊர். மீன் மார்க்கெட்டில் பார்ப்பான், கச்சேரி வாசலில் பார்ப்பான், சில சமயம் அவன் பஸ்ஸிலேயே ஏறுவாள். டிக்கெட்டைக் காட்டிவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். அந்த ஆறு சட்டைதான் காரணம் என்று இருபத்துநாலு வருஷமாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து முதல் தகட்டைப் போட்டான். அவன் மனைவி வில்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. அடுப்பில் பீன்சும் புளித்த முட்டைக்கோசும் போட்ட யோட்டா கொதித்துக்கொண்டிருந்தது. நெரேயோ உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான்.

"உக்காந்து கேளேன். தரை தேயுது," என்றாள் வில்மா.

"வரிசையைப் பாரு வில்மா. வருஷ வரிசையே இல்ல. முதல் பாட்டு போன வருஷம் பாடினது, அடுத்தது எழுபத்தொன்பது. அதுக்கு அடுத்தது மத்தி மீன் டின் விளம்பரம்!"

"அந்த மத்திப் பாட்டா? அது நல்லாத்தானே இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. முப்பது விநாடி விளம்பரப் பாட்டு. அதைத் தொண்ணூற்றொன்றில் நாடு உடைந்து போர் தொடங்கின கோடையில் பாடியிருந்தாள், குரலில் அவ்வளவு உல்லாசம். அதை ஒட்டி நாற்பது வயலின் பாட்டை வைத்திருந்தாள். கேட்கிறவனை ஓரிடத்தில் காலூன்ற விடாத வரிசை. முதல் தகடு முடிந்தபோது நெரேயோவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இப்படி அடுக்க ஒரு தைரியம் வேண்டும் என்று குறித்துக்கொண்டான். மூன்றாம் தகடும் அப்படியே. இஸ்திரியாக் கிழவர்களோடு பாடினதற்கு அவன் நடப்பதையே நிறுத்திவிட்டு நின்றான்.

ஆனால் இரண்டாம் தகடு இழுத்தது. தொண்ணூறுகளில் பாடினவை. ஒன்பது பாட்டுகள் ஒன்றுபோலவே, குரலைத் தாழ்த்தி, மூச்சை மட்டும் விட்டு, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடினாற்போல. 'சோம்பல்' என்று எழுதி அடிக்கோடிட்டான். இத்தனை சாயலும் எட்டும் ஒருத்தி ஏன் இவற்றை வைத்தாள், ஏன் இவற்றுக்கெல்லாம் தாயான 'ஈரக் கோட்டை' விட்டாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. விளங்காதது அவனைத் தின்றது.

அன்று மதியமே கட்டுரையின் முதல் வரி வந்து விழுந்தது. வில்மாவிடம் வாசித்துக் காட்டினான்: "'ஈரக் கோட்டு' இல்லாத அலிடா தொகுப்பு, கடல் இல்லாத ரியேகா."

வில்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீ எழுதினதிலேயே இதுதான் நல்ல வரி. மாத்தாதே." பிறகு, "நம்ம கல்யாணத்துல அந்தப் பாட்டுக்குத்தானே ஆடினோம்? அதை எப்படி விட்டாளாம்? திமிர்தான்!" என்றாள்.

புதன்கிழமைக்குள் பெட்டி கடைகளுக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அதே பேச்சு. மீன் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மீன் விற்று ஓய்வு பெற்ற பீனா கிழவி, தினமும் போல முன் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன்டா நெரேயோ, கேள்விப்பட்டேனே, அந்தப் பாட்டையே விட்டுட்டாளாமே?"

"ஆமா பீனா."

"என் வீட்டுக்காரரைப் புதைச்சப்ப அந்தப் பாட்டைத்தான்டா போட்டோம். பாதிரியாரே கண்ணைத் தொடச்சாரு. அது இல்லாம என்ன தொகுப்பு? மீனை வித்துட்டு முள்ளை மட்டும் குடுக்கற மாதிரி. நல்லா நாலு வார்த்தை எழுது. விடாதே."

"எழுதறேன்."

"ஒரு நட்சத்திரம் போடு. அதுவும் அவ மூஞ்சிக்காக."

பின்னாலிருந்து யாரோ, "மூஞ்சிக்குன்னா ரெண்டு போடலாம்!" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நெரேயோ சிரிக்கவில்லை. வைப்பர் கண்ணாடியில் தேய்கிற சத்தம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மூன்றரை மணிக்கு திர்சாத் மேட்டுக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தான். அங்கே எட்டு நிமிஷம் வண்டி நிற்கும். எல்லோரும் மழைக்குள் இறங்கிப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தால் கடைசி வரிசையில் பச்சை மழைக்கோட்டில் ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

"கடைசி ஸ்டாப்பும்மா," என்றான் திரும்பாமல்.

"தெரியும். நான் எறங்கல. திரும்பக் கீழேதான் போகணும்."

அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவன் கை தானாக இஞ்சினை அணைத்தது. நாற்பத்தேழு பாட்டில் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல். அலிடா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்து, பீனா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். தலைமுடியைக் கையால் பிழிந்தாள். ஐம்பத்தாறு வயது அவள் முகத்தில் எந்த ஒளிவும் இல்லாமல் இருந்தது.

"பொட்டி உங்ககிட்ட வந்துடுச்சுன்னு ஜெலிமிர் சொன்னான்."

"வந்துடுச்சு."

"கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ."

"என்னன்னு கேக்கப்போறதில்ல. பயப்படாதீங்க."

நெரேயோ ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வண்டி நிற்கிறது என்பதுகூட அவனுக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே கொட்டினான்.

"எண்பத்தொன்பதுல நான் ஒண்ணு எழுதினேன். ஆறு சட்டை… அளவு இல்லைன்னு. அப்ப எனக்கு வாய் ஜாஸ்தி. அதை அப்படி எழுதியிருக்கக் கூடாது."

அலிடா சத்தமாகச் சிரித்தாள். காலிப் பஸ் அதிர்ந்தது.

"அதையா இவ்வளவு நாள் தூக்கிட்டுத் திரியறீங்க? அதை வெட்டி எங்க வீட்டுக் கக்கூஸ் கதவுல உள்பக்கமா ஒட்டியிருந்தேன். வர்றவன் எல்லாம் உள்ள போய்ச் சிரிச்சிட்டு வெளிய வருவான். நெஜமாவே அந்தத் தகடு மட்டம்தான். நீங்க எழுதினது சரி."

"அப்ப ஏன் இத்தனை வருஷமா…"

"திட்டினதுக்கு இல்ல. பாராட்டினதுக்கு."

அவனுக்குப் புரியவில்லை. மழை கூரையில் கொட்டியது. டிக்கெட் மெஷினுக்கு மேலிருந்த கடிகாரம் மூன்று முப்பத்தாறு காட்டியது.

"'ஈரக் கோட்டு' பாடின அன்னிக்கி எனக்கு முப்பத்தொன்பது டிகிரி, உடம்பு கொதிக்கற ஜுரம்," என்றாள் அலிடா. "தொண்டை புண்ணு. குரலே எழும்பல. ஸ்டூடியோவை வேற நாளைக்கு மாத்த முடியாதுன்னுட்டாங்க. சரி, வர்ற வரைக்கும் வரட்டும்னு மைக்குக்கு ஒட்டி நின்னு மொணமொணன்னு பாடிட்டு வீட்டுக்குப் போய் விழுந்தேன். உடம்பு தேறினதும் திரும்பப் பாடிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வெளிய விட்டுட்டாங்க. அப்புறம் நீ எழுதின."

'நீங்க' என்பது 'நீ' ஆனதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

"சொந்தக் குரல்னு எழுதின. மத்ததெல்லாம் வேஷம்னு எழுதின. கம்பெனிக்காரன் அதை உறையில போட்டான். எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பாங்க. எதைப் பாடினாலும், 'இது நீ இல்லையே'ன்னு மூஞ்சியைப் பாப்பாங்க. ஒரு தடவ முரண்டு பிடிச்சு இரும்பு ராக் பாடினேன், அதுதான் உன் ஆறு சட்டை. அதோட கம்பெனி சொல்லிட்டான், இனிமே ஈரக் கோட்டு மாதிரிதான்னு. நானும் நம்பிட்டேன். நம்ம குரல் அதுதான்போல, நமக்குத்தான் தெரியலன்னு. ஒன்பது வருஷம் ஜுரக்காரி மாதிரி பாடினேன், நெரேயோ. உடம்பு நல்லா இருந்துக்கிட்டே. ரெண்டாவது சிடி கேட்டியே, அது பூரா அதான்."

நெரேயோவின் சட்டைப்பையில் அடிக்கோடிட்ட 'சோம்பல்' இருந்தது.

"அப்ப அதை ஏன் வச்சீங்க?"

"அதையும் பாடினவ நான்தானே. 'எல்லாம் நானே'ன்னு பேரு வச்சிட்டு அதை ஒளிக்க முடியுமா?"

"ஆனா 'ஈரக் கோட்டு' மட்டும் இல்ல."

"அது நான் இல்ல. அது ஜுரம்." அவள் ஜன்னலைத் துடைத்து வெளியே பார்த்தாள். "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். கம்பெனிக்காரன் சும்மா இல்ல. பத்திரிகையில குறையா வந்தா, அந்தப் பாட்டை அடுத்த பதிப்புல சேத்துடுவேன்னு நிக்கறான். ஒப்பந்தத்துல அவனுக்கு அந்த உரிமை இருக்கு. இந்த ஊர்ல பத்திரிகைன்னா நீதான்."

"எழுத வேணாம்னு கேக்கறீங்களா?"

"இல்ல. நான் யாருகிட்டயும் அப்படிக் கேட்டதில்ல. எழுதறது உன் வேலை. ஒண்ணே ஒண்ணு, ஜுர விஷயத்தை மட்டும் எழுதாதே. ஜனங்க அந்தப் பாட்டைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுத்து வச்சுக்கிட்டாங்க. அவங்ககிட்டப் போய், நீங்க அழுதது என் தொண்டைப் புண்ணுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே."

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்காரன் குரல் கரகரத்தது: "ரெண்டாம் நம்பர், இன்னும் மேலயே என்ன பண்றே? மூணு நிமிஷம் லேட்டு!"

நெரேயோ இஞ்சினைப் போட்டான். கதவைத் திறந்ததும் குடைகளை மடக்கிக்கொண்டு பத்துப் பேர் ஏறினார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பது யாரென்று பார்த்ததும் அவர்கள் பேச்சு தாழ்ந்தது. அலிடா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, காற்றுக்கு எதிராகத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அன்று மாலை அவன் இரண்டு இடத்தில் தேவையில்லாமல் பிரேக் போட்டான். வீட்டுக்குப் போனதும் இரண்டாம் தகட்டைத் திரும்பப் போட்டான். இப்போது அதை வேறு காதால் கேட்டான். ஒன்பது பாட்டும் மாறவில்லை, அதே இழுவைதான். காரணம் தெரிந்துவிட்டதால் மட்டம் உசத்தியாகிவிடாது. ஆனால் ஐந்தாம் பாட்டில், பல்லவி முடிகிற இடத்தில், அவள் குரல் தன்னையும் மீறி ஒரு நொடி எழும்பி, உடனே யாரோ தலையில் தட்டினாற்போல அடங்குவதை இப்போதுதான் பிடித்தான். தட்டின கை யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த நொடியை நாலு தடவை போட்டுக் கேட்டான். ஐந்தாம் தடவை வில்மா வந்து நிறுத்தினாள்.

"அவ உன் பஸ்ல வந்து ரொம்ப நேரம் பேசினாளாமே? பீனா மார்க்கெட் பூரா சொல்லிக்கிட்டிருக்கா."

"சும்மா. தகட்டைப் பத்தி."

"தகட்டைப் பத்தின்னா என்ன சொன்னா? ஏன் அந்தப் பாட்டை விட்டாளாம்?"

"சொல்லல."

வில்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவன் பொய் சொன்னால் தெரியாதா? "சரி. உனக்கும் அவளுக்கும் ரகசியம். நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சற்றுப் பலமாகவே சாத்திக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை ஷிப்டு முடிந்து எழுத உட்கார்ந்தான். எழுந்தான். காபி போட்டான், குடிக்கவில்லை. முதல் வரி அங்கேயே இருந்தது. கடல் இல்லாத ரியேகா. அவ்வளவு நல்ல வரி. அது இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாது. சொல்லாமல் குறை மட்டும் சொன்னால், தெரிந்தே பொய் எழுதுகிறவனாகிவிடுவான். 'அவள் விருப்பம்' என்று பூசி மெழுகினாலும் கம்பெனிக்காரனுக்கு அது போதும். விடுபட்டிருக்கிறது என்று பேச்செடுத்தாலே போதும். ஒரே வழிதான் மிச்சம், அந்தப் பாட்டைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. இருபத்தெட்டு வருஷத்தில் தகட்டில் இருப்பதைப் பற்றி அவன் எழுதாமல் விட்டதுண்டு. இல்லாதது ஊர் முழுக்கக் கண்ணில் குத்தும்போது எழுதாமல் விட்டதில்லை.

வரியை அழித்தான். 'சோம்பல்' என்பதையும் அடித்தான். இரண்டாம் தகட்டைப் பற்றி இப்படி எழுதினான்: "இந்த ஒன்பது பாட்டிலும் ஒருத்தி மற்றவர்கள் கேட்டதைப் பாடுகிறாள். பாட்டுகள் நிற்கவில்லை. அந்தக் குற்றத்தில் பாடினவளைவிடக் கேட்டவர்களுக்குப் பங்கு அதிகம். எழுதியவர்களுக்கும்." மத்தி டின் பாட்டைப் பற்றி ஒரு பத்தி, இஸ்திரியாக் கிழவர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதினான். எத்தனை குரலில் பாடினாலும் ஒரே ஆள்தான் பாடுகிறாள், அதைக் கேட்கத் தெரியாதது நம் காதின் ஏழ்மை என்று முடித்தான். நட்சத்திரம் போடும்போது கை நின்றது. நாலு போட்டால் அவளைத் தாஜா செய்வதாகும். ஒரு தகடு முழுக்க இழுக்கிற தொகுப்புக்கு மூன்றுதான். மூன்று போட்டான். போட்டுவிட்டு அனுப்பினான். அனுப்பினபிறகும் வீட்டுக்குள் அரைமணி நேரம் நடந்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கே ஜெலிமிரின் போன் வந்துவிட்டது.

"நெரேயோ, நெஜத்தைச் சொல்லு. முழுசாக் கேட்டியா நீ?"

"ரெண்டு தடவ. ஏன்?"

"ஏன்னா? காலைலேருந்து போனை வைக்க முடியல! மூணு நட்சத்திரம்னு பாதிப் பேர் திட்டறான். மீதிப் பாதி, உங்க ஆளுக்கு ஈரக் கோட்டு இல்லங்கறதே தெரியலையான்னு சிரிக்கறான். ஒரு வெப்சைட்டுக்காரன் 'செவிட்டு ஓட்டுநர்'னு தலைப்பே போட்டுட்டான். எனக்கும் இது கண்ணுல படலையேடா, உன்னை நம்பி அப்படியே போட்டுட்டேன். நாளைக்கு ரெண்டு வரி போடுவோம், விடுபட்டதைச் சுட்டிக்காட்டி."

"வேணாம்."

"ரெண்டே ரெண்டு வரி."

"வேணாம்னா வேணாம் ஜெலிமிர். போட்டேன்னா நான் இனிமே எழுதல."

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் ஜெலிமிர், வேறு குரலில். அந்தப் பரிவுதான் திட்டைவிட மோசமாக இருந்தது. இரண்டு வரி வரவில்லை. ஆனால் டிசம்பரிலிருந்து பக்கத்தில் பாதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைநகர் ஸாக்ரெப்பில் இசை படித்துவிட்டு வந்த ஒரு பெண். நன்றாகவே எழுதினாள்.

பஸ்ஸில் சொல்லவே வேண்டாம், புதன்கிழமை அவன் காதிலேயே போட்டும் எழுதவில்லையே என்று அவர்களுக்குக் கோபம் வேறு. ஏறுகிறவன் ஒவ்வொருவனும் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "கேக்குதா?" என்று கத்திவிட்டுப் போனான். பணிமனையில் அவன் லாக்கரில் யாரோ காது சுத்தம் செய்கிற பஞ்சுக் குச்சி டப்பா ஒன்றை வைத்திருந்தார்கள். நெரேயோ அதை வீட்டுக்கு எடுத்துப் போனான். வில்மா அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆக மோசமாகத் தொந்தரவு செய்தது வேறொன்று. நல்ல தகடு கையில் வந்தால் அவனால் எழுத முடியவில்லை. குறை சொல்லும் வரிகள் முன்போலவே வந்தன. பாராட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பேனா நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாலு பெண்கள் சேர்ந்து ஒரு தகடு போட்டிருந்தார்கள். அதில் ஒரு பாட்டு அவனை உலுக்கிவிட்டது. 'இதுதான் இவர்கள்' என்று எழுதப்போய், கையைச் சுட்டுக்கொண்டவன்போல எடுத்துவிட்டான். அந்தப் பாட்டின் பெயரையே சொல்லாமல், தகடு முழுக்கக் கேட்கத் தகுந்தது என்று மட்டும் எழுதினான். நெரேயோவுக்கு வயதாகிவிட்டது, கஞ்சனாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் அலிடாவின் பெட்டி இரண்டாம் பதிப்பு வந்தது. கடைக்குப் போய்ப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். நாற்பத்தேழு. அவன் எழுதாததாலா, இல்லை அவளே கம்பெனிக்காரனோடு மோதி ஜெயித்தாளா, தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கேட்கவும் அவனுக்குத் துணிவில்லை.

அதே வாரத்தில் ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் அலிடா அவன் பஸ்ஸில் ஏறினாள். பீனா முன் இருக்கையில் இருந்தாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அலிடா ஓட்டுநருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட்டைக் காட்டும்போது கண்ணாடிக்கு அப்பால் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்து, "வணக்கம்," என்றாள். பஸ் முழுக்கக் கேட்டது.

பீனாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அலிடா, நீயே நியாயத்தைச் சொல்லு. நீ அவ்வளவு பெரிய தப்புப் பண்ணியிருக்க, அந்தப் பாட்டை விட்டுட்ட. இவன் அதைப் பத்தி ஒரு வரி எழுதல. நான் மீன் வித்தவ, நானே இவன் காதுல போட்டும் இவனுக்கு ஏறல. கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறான். நீ கேளு, உனக்குச் சொல்றானான்னு பாப்போம்."

நெரேயோவின் காது மடல் சிவந்தது. அலிடா அவசரப்படவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு, கச்சேரியில் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் சொன்னாள்:

"விடு பீனா. மனுஷனுக்குக் காது கேக்கல. மூணு நட்சத்திரம் குடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பஸ் வெடித்துச் சிரித்தது. பீனா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நெரேயோ கண்ணாடியில் அலிடாவைத் தேடினான். அவள் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புருவம் மட்டும் லேசாக மேலே போயிருந்தது. தோளில் கை போட்டாற்போலச் சொன்னாளா, இல்லை அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளினாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஏதாவது திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தான். பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது. வந்ததும் அடங்கவில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

"யோவ், ஸ்டாப்பு! ஸ்டாப்பு போச்சு!" என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள். மார்க்கெட் நிறுத்தம் நூறு அடி பின்னால் போயிருந்தது. "மெய்யாலுமே செவிடுதான்டா இவன்!"

நெரேயோ வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தான். மீன் பைகளோடு அவனை வைதுகொண்டே இறங்கியவர்களுக்கு நடுவில் அலிடாவும் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.